புறம்போக்கு நிலமும் மெட்டல் டிடெக்டரும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பழங்காசுகளைப் பற்றிய ஒரு கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதன் விளைவாக வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பொது இடங்களில் உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டு தேடுவதற்கு யாரிடம் அனுமதி பெறுவது என்பதையே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் நிலத்தைப் பற்றிய பேச்சு சற்று நீண்டுவிடக்கூடும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, பழங்காசு சேகரிப்பதில் எனக்குப் பல ஆண்டுகளாக ஆர்வம் உண்டு. அண்மையில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். அமராவதி ஆற்றுப்படுகையிலும், எங்கள் ஊர் எல்லையில் உள்ள ஒரு மேட்டுப் புறம்போக்கிலும் தேடிப் பார்க்க விரும்பி, ஓர் அரசு அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். அது இரண்டு அலுவலகங்களுக்குப் போய், "இது எங்கள் வரம்புக்கு உட்பட்டதன்று" என்ற ஒற்றை வரியுடன் திரும்பிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் தேடுவதற்கு யாரிடம்தான் அனுமதி கேட்பது?
– ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: உங்கள் மனு திரும்பி வந்ததற்கு அலுவலர்களின் அலட்சியத்தை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே மனுவில் நீங்கள் மூன்று அனுமதிகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஓர் இடத்துக்குள் போய் நடமாடுவதற்கான அனுமதி ஒன்று. அந்த இடத்து மண்ணைக் கிளறுவதற்கான அனுமதி இன்னொன்று. கிளறியதில் கிடைத்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமை மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே கையெழுத்தில் தரக்கூடிய அதிகாரி தமிழ்நாட்டில் ஒருவரும் இல்லை. கருவி விற்பவரின் விளம்பரத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் குழைத்துப் பேசப்படுவதால்தான் வாங்கியவர்கள் பிறகு அலைய நேர்கிறது.

முதலில் "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்ற சொற்றொடரை விட்டுவிடுங்கள். பேச்சுவழக்கில் வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்டாலும், புறம்போக்கு என்பது வரி விதிப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நிலம். உடைமையாளர் இல்லாத நிலம் அன்று. உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைத் திறந்து, அந்த மேட்டின் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதை, சுடுகாடு, ஏரி, ஓடை, கிராம நத்தம் என்று ஏதேனும் ஒன்று இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் வேறு. ஆறும் பெரிய ஏரியும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ள சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. பதிவேட்டில் ஒரு கோயிலின் பெயர் இருந்தால் இந்து சமய அறநிலையத் துறையைக் கேட்க வேண்டும். காப்புக்காடு என்று இருந்தால் கருவியை எடுத்துக்கொண்டு உள்ளே போவதையே நினைக்க வேண்டாம். 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழ் உங்களுக்கு வரக்கூடிய தொல்லை, காசு கிடைப்பதற்கான வாய்ப்பைவிட மிகப் பெரியது.

இந்தப் பொறுப்பாளர்களில் எவரும் உங்களை ஆற்றில் நடக்க வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் மண்வெட்டியைக் கையில் எடுத்த கணத்தில் நீங்கள் இரண்டாவது அனுமதிக்குள் நுழைகிறீர்கள். அங்கே சட்டம் மிகக் கடுமையானது. நினைவுச்சின்னங்களையும் தொல்லியல் இடங்களையும் காக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்படாத இடத்தில்கூட, தொல்லியல் நோக்கத்துக்காக ஒரு மாநில அரசு தானே தோண்டவோ பிறருக்குத் தோண்ட அனுமதி கொடுக்கவோ வேண்டுமானால் மத்திய அரசின் முன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. மாநில அரசுக்கே நிலைமை இப்படி இருக்கும்போது, ஒரு வட்டாட்சியரோ மாவட்ட ஆட்சியரோ தனியாருக்கு "பழங்காசு தேடித் தோண்டிக்கொள்ளலாம்" என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? அப்படி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக இருந்தால் இன்னும் ஒரு வேலி உண்டு. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மாநில அரசின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆகவே அந்த மேட்டுக்குப் போவதற்கு முன்பு, அது எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று தொல்லியல் துறையிடம் எழுதிக் கேளுங்கள். பழங்காலக் குடியிருப்பின் அடையாளமான சாம்பல் நிற மண்ணும் கருப்பு–சிவப்புப் பானை ஓடுகளும் தட்டுப்படும் மேடாக இருந்தால், பட்டியலில் இல்லாவிட்டாலும் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

மூன்றாவதற்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எந்தப் பொருளையும் அது புதையல் என்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலத்துப் பத்து ரூபாய் இன்று ஒரு தேநீருக்குக்கூடப் போதாது. ஆனால் நீங்கள் தேடுகிற சங்க காலக் காசு ஒவ்வொன்றும் அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்று மணலின் மேல் தானாகக் கிடந்ததை "மறைந்து கிடந்தது" என்று சொல்ல முடியுமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். கருவியின் ஒலியைக் கேட்டுத் தோண்டி எடுத்ததைப் பற்றி அப்படி வாதிட இடமே இல்லை.

"அமராவதி மணலைச் சலித்துக் காசு எடுத்து விற்பவர்கள் காலங்காலமாக இருக்கிறார்களே" என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மைதான். மாக்கோதை, கொல்லிப்பொறை, குட்டுவன் கோதை என்று சேர மன்னர்களின் பெயர் பொறித்த காசுகள் அந்தப் படுகையிலிருந்து வெளிவந்து, சங்க காலத்தைப் பற்றிய நம் அறிவையே மாற்றின. ஆனால் அந்தக் காசுகளின் காலத்தை உறுதி செய்வதில் ஆய்வாளர்கள் எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்தின் வடிவத்தையும், உரோமானிய நாணயத்தைப் பார்த்துச் செய்தது போன்ற தலை உருவத்தையும் வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற கேள்விக்கு விடை கிடையாது. ஆறு உருட்டிக் கொண்டுவந்த காசுக்கு அந்த விடை முன்பே தொலைந்துபோனது, அதில் நம் குற்றம் ஒன்றுமில்லை. மேட்டில் கிடக்கும் காசுக்கு அந்த விடை இன்னும் மண்ணில் இருக்கிறது. ஒரு சாண் ஆழத்துக்கு நீங்கள் போடும் குழி அதை அழித்துவிடும். பின்னால் எவ்வளவு பெரிய அறிஞர் வந்தாலும் அதைத் திரும்ப எழுத முடியாது. கருவி உலோகத்தை மட்டுமே சொல்லும். பக்கத்தில் இருக்கும் மணி, எலும்பு, நெல் உமி, ஓட்டுச்சில்லில் கீறிய தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து ஆகியவற்றைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

உங்கள் ஆர்வத்துக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் எழுத்துமூலம் இசைவு வாங்கிக்கொண்டு, பல முறை உழுது புரண்ட மேல்மண்ணில் கருவியைப் பழகிப் பாருங்கள். அங்கும் தொல்லியல் மேடு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கிடைத்ததற்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் அங்கும் பொருந்தும். ஆற்றுப்படுகையிலும் மேட்டிலும் கண்ணால் மட்டும் பார்த்து, மேலே கிடப்பதைப் படமெடுத்து, இடத்தின் அமைவைக் குறித்து, தொல்லியல் அலுவலருக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் அகழாய்வு நடந்த எத்தனையோ இடங்கள் உள்ளூர் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் இப்படி எழுதிய கடிதங்களால்தான் கண்ணில் பட்டன. மனு எழுதும்போது "மெட்டல் டிடெக்டர் அனுமதி" என்று தலைப்பிடாமல், புல எண், நிலவகை, நீங்கள் பார்த்த ஓடுகளின் படம் ஆகியவற்றோடு "மேற்பரப்பில் காணப்படும் தொல்பொருள்கள் பற்றிய தகவல்" என்று தலைப்பிட்டால், அது போய்ச் சேர வேண்டிய மேசைக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் நூறு நாள் வேலை நடந்தபோது ஒரு பெண்ணின் கடப்பாரையில் சிறிய மண்கலயம் தட்டுப்பட்டு, அதில் செப்புக் காசுகள் இருந்தன. அரசு எடுத்துக்கொண்டு போய்விடும், ஒன்றும் தராது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கண்டெடுத்தவருக்கு உரிமை எதுவும் இல்லையா?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: இருக்கிறது, அம்மா. அதைச் சொல்லாமல் விடுவதால்தான் காசுகள் இரவோடு இரவாக உருக்குப்பட்டறைக்குப் போகின்றன. கண்டெடுத்தவர் செய்ய வேண்டியது, என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாளில் என்ற மூன்றையும் எழுதி ஆட்சியருக்குத் தெரிவித்து, பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைப்பது, அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை கொடுப்பது. ஆட்சியர் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்கள் வருவதற்கு நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் ஒரு நாளைக் குறிப்பார். புதைத்தவர் யார் என்று நிறுவ எவரும் இல்லாமல், உரிமையாளர் அற்றது என்று அறிவிக்கப்பட்டால், இடத்தின் உடைமையாளராக எவரும் கோராதபோது முழுவதும் கண்டெடுத்தவருக்கே உரியது. கோரிக்கை ஏற்கப்பட்டு, இருவருக்கும் இடையே வேறு உடன்பாடு இல்லாதபோது, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் ஒரு பங்கு இடத்தின் உடைமையாளருக்கும் சேரும். அருங்காட்சியகத்துக்காக அரசே எடுத்துக்கொள்ள முடிவு செய்தால், அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் இந்தப் பங்கு முழுவதும் அரசுக்குப் போவதோடு, ஓராண்டு வரை சிறையும் உண்டு.

ஐந்தில் ஒரு பங்கு என்பது செப்புக் காசைப் பொறுத்தவரை சில நூறு ரூபாய்கூடத் தேறாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அரிய காசின் மதிப்பு செம்பின் எடையில் இல்லை என்பது சட்டம் எழுதிய 1878ஆம் ஆண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் தெரியும். ஆனாலும் எடையைத்தான் எழுதி வைத்தார்கள், அதை மாற்றாமல் வைத்திருப்பது நம் குறை.

நான் பணியில் இருந்தபோது ஒரு முறை இப்படி ஒரு கலயம் வந்தது. கண்டெடுத்த பெரியவர், கலயத்தின் வாயை வேட்டித் துணியால் கட்டி, ஒரு காசும் குறையாமல் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினார். கடைத்தெருவிலிருந்து நகை மதிப்பீட்டாளரை அழைத்துவந்து எடை போட்டோம். பச்சைப் படலம் பிடித்து மூன்று நான்காக ஒட்டிக்கொண்டிருந்த காசுகளைப் பிரிக்க ஓர் இளைய உதவியாளர் புளியைத் தேய்க்கப் போனபோது, பெரியவர்தான் "தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். இரண்டு சாட்சிகளை வைத்து மகஜர் எழுதி, துணிப்பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, சார்நிலைக் கருவூலத்துக்கு அனுப்பினோம். மகஜரின் படி ஒன்றை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். உங்கள் ஊர்ப் பெண்ணும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பங்கு கேட்கும் நாளில் அந்த ஒரு தாளைத் தவிர அவருக்கு வேறு சான்று இராது.

2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்தபோது செம்பு ஒன்றில் 505 பொற்காசுகள் கிடைத்துக் கருவூலத்துக்குப் போன செய்தியைப் படித்திருப்பீர்கள். அதே ஆண்டு டிசம்பரில் உத்திரமேரூரில் கோயில் திருப்பணியின்போது அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட தங்கம் வெளிப்பட்டபோது, அதைக் கோயிலிலேயே திரும்ப வைக்க வேண்டும் என்று ஊர் மக்கள் கேட்டு, பிறகு அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். ஊராரின் மனம் எனக்குப் புரிகிறது. அது அவர்கள் முன்னோர் சுவாமிக்கு வைத்தது. ஆனால் சட்டத்தில் அந்த மனத்துக்கு என்று தனி வரி கிடையாது.

கேள்வி: நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். பதினான்கு வயது மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக மெட்டல் டிடெக்டர் வந்திருக்கிறது. வீட்டருகே உள்ள நகராட்சிப் பூங்காவிலும் தேம்ஸ் நதிக்கரையிலும் தேடலாமா? இங்கே இது எல்லோரும் செய்யும் பொழுதுபோக்காகத் தெரிகிறது.
– ஒரு தாய், லண்டன்

பதில்: இங்கிலாந்தில் இது வேர் பிடித்த பொழுதுபோக்குத்தான், ஆனால் அனுமதியின்றி அங்கு ஓர் அடி நிலமும் இல்லை. நம் ஊரில் பொது நிலத்தில் காசு தேடக் கருவிக்கு வழி இல்லை. அங்கே வழி உண்டு, வழியெங்கும் கதவுகளும் உண்டு.

பூங்காவைப் பொறுத்தவரை, அது எந்த நகராட்சிக்குச் சொந்தமோ அதன் விதியே விதி. சில நகராட்சிகள் முற்றிலும் தடை செய்துள்ளன. சில எழுத்துமூலம் கேட்டால் நிபந்தனைகளோடு தருகின்றன. பழம்பெரும் இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் இடங்களிலும் அரச பூங்காக்களிலும் பொழுதுபோக்குக்காக இக்கருவியைப் பயன்படுத்த விடுவதில்லை. பட்டியலிடப்பட்ட தொல்லியல் இடமாக இருந்தால் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு குறுக்கே வரும்: அங்கே ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தின் எழுத்துமூல இசைவின்றித் தேடுவதே குற்றம், தோண்டினாலும் தோண்டாவிட்டாலும். பூங்காவுக்குக் கடிதம் எழுதும்போது, எந்தப் பகுதி, எந்த நாள்கள், எவ்வளவு ஆழம், புல்தரையை எப்படித் திரும்ப மூடுவீர்கள், காப்பீடு இருக்கிறதா என்ற ஐந்தையும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். தேசிய அளவிலான மெட்டல் டிடெக்டர் மன்றத்தில் உறுப்பினரானால் மூன்றாம் நபருக்கான காப்பீடு அதோடு வந்துவிடும். அந்தச் சான்றிதழைப் பார்த்த பிறகுதான் பல நில உடைமையாளர்கள் பேச்சையே தொடங்குகிறார்கள்.

தேம்ஸ் கரையில் ஆசைப்படுபவர்கள் மிகுதி. நான் அங்கே மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு நாள் நீர் வடிந்த நேரத்தில் படிக்கட்டின் மேல் நின்று பார்த்தேன். கூழாங்கற்களுக்கு இடையில் வெண்ணிறக் குச்சிகளைப் போல எங்கும் கிடந்தவை, சில நூறு ஆண்டுகளுக்கு முன் புகைத்து எறிந்த களிமண் புகைக்குழாய்களின் தண்டுகள் என்று மருமகன் சொன்னார். கீழே இறங்கிப் பொறுக்கலாமா என்று கேட்டதற்கு, "அனுமதி அட்டை இல்லாமல் கூடாது, மாமா" என்று சொல்லிவிட்டார். 2016 முதல் அந்தக் கரையில் கருவியோடு மட்டுமன்றி, வெறுங்கண்ணால் தேடுவதற்கும் லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். வழக்கமான அனுமதியில் 7.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் தோண்டக் கூடாது. விண்ணப்பங்கள் அளவுக்கு மீறியதால் 2022ஆம் ஆண்டு இறுதியில் புதிய அனுமதிகளை நிறுத்திவைத்தார்கள். பின்னர் காத்திருப்போர் பட்டியல் ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஆகவே பிள்ளையிடம் தேம்ஸ் என்ற ஆசையை இப்போதைக்குக் காட்ட வேண்டாம். கடற்கரையில் பழகலாம்: அலை ஏறி இறங்கும் கரைப்பகுதியில் சுமார் பாதி கிரவுன் எஸ்டேட் என்னும் அரச நில அமைப்புக்கு உரியது, அது நிபந்தனைகளோடு இப்பொழுதுபோக்கை அனுமதிக்கிறது. நீங்கள் போகும் கரை அந்தப் பாதியில் சேர்ந்ததா, வேறொருவருடையதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிடைத்த பொருளுக்கு 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பத்து விழுக்காட்டுக்குக் குறையாத பொன்னோ வெள்ளியோ கலந்த பொருள்களும், ஒரே இடத்தில் கிடைத்த அந்த வயதுடைய இரண்டு பொற்காசுகளோ வெள்ளிக் காசுகளோ இருந்தாலும் அவையும் புதையலாகக் கருதப்படும். 14 நாள்களுக்குள் மரண விசாரணை அதிகாரியான 'கொரோனர்' என்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். புதையலுக்கும் அந்த அதிகாரிக்கும் என்ன தொடர்பு என்று திகைக்காதீர்கள். அரசருக்குரிய பொருளைக் காப்பது இடைக்காலத்திலிருந்தே அவருடைய வேலை. 2023ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து, 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டு வரலாற்றுச் சிறப்புள்ள உலோகப் பொருள்களும் இந்த வரையறைக்குள் வருகின்றன. இந்த வகையில் வராத பழம்பொருள்களைத் தன் விருப்பில் பதிவு செய்வதற்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் திட்டம் ஒன்று 1997 முதல் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் இருப்பார், சிறுவர்களிடமும் பொறுமையாகப் பேசுவார்கள். ஸ்காட்லாந்துக்குப் போனால் இவை எதுவும் பொருந்தாது, அங்கே முறையே வேறு.

மகனுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1992ஆம் ஆண்டு நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸன் என்ற சிற்றூரில், வயலில் ஒரு விவசாயியின் சுத்தியல் தொலைந்துபோயிற்று. வயலோ மாவட்ட மன்றத்துக்குச் சொந்தமான பொது நிலம்; விவசாயி குத்தகைக்காரர். சுத்தியலைத் தேட வந்த நண்பரின் கருவி உரோமானியப் பொன்னையும் வெள்ளியையும் காட்டியது. சிலவற்றை எடுத்த அவர், பெரிய குவியல் என்று தெரிந்ததும் கையை நிறுத்தி, உரியவர்களுக்குச் சொல்லிவிட்டார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து தோண்டியதால், மரப்பெட்டியின் சுவடும் பொருள்களை எப்படி அடுக்கினார்கள் என்பதும் பதிவாயின. 15,000 காசுகள் அளவுக்கு இருந்தன. கண்டெடுத்தவருக்குப் 17,50,000 பவுண்டு பரிசு கிடைத்தது. அந்தக் குவியலில் வெள்ளியில் செய்த நான்கு மிளகுச் சிமிழ்களும் உண்டு. அவற்றில் நிறைத்த மிளகு நம் மேற்குக் கடற்கரைச் சேர நாட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறிய சரக்கு. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு ஹியர்ஃபோர்டுஷயரில் வைக்கிங் காலக் குவியல் ஒன்றைக் கண்டெடுத்து, யாருக்கும் சொல்லாமல் விற்கத் தொடங்கிய இருவர் 2019ஆம் ஆண்டு சிறைக்குப் போனார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கருதப்பட்ட அந்தக் குவியலில் மீண்டவை முப்பது அளவில்தான். இந்த இரண்டாவது கதையைச் சொல்வதா வேண்டாமா என்பதைத் தாயாகிய நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பூர்வீகக் காணி வன்னியில் இருக்கிறது. சண்டை நேரம் பெற்றோர் நகைகளைத் தாட்டுவிட்டு (புதைத்துவிட்டு) வந்ததாகச் சொல்வார்கள். அருகிலுள்ள அரச காணியையும் சேர்த்து மெசினால் பார்க்கலாமோ?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அரச காணியில் வேண்டாம். தொல்பொருள்களைத் தேடித் தோண்டுவதற்கு, சொந்தக் காணியாக இருந்தாலும், 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். நீங்கள் தேடுவது உங்கள் தாயாரின் நகையாக இருக்கலாம். ஆனால் இரவில் கருவியோடும் மண்வெட்டியோடும் நிற்பவரைப் பார்க்கும் பொலிசாருக்கு அது புதையல் தோண்டுதலாகத்தான் தெரியும். அதைவிடப் பெரிய காரணம், வன்னியில் உலோகம் ஒலித்தால் அது நகையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கண்ணிவெடி அகற்றிய நிலமென்று எழுத்தில் உறுதி பெறாத எந்தக் காணியிலும் மண்ணில் கை வைக்காதீர்கள். உறுதி பெற்ற சொந்தக் காணியென்றால், கிராம அலுவலருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பகலில், அவரும் அயலவரும் பார்க்கத் தேடுங்கள்.

கேள்வி: ஐம்பது அடி ஆழத்தில் உள்ள தங்கத்தையும் காட்டும் என்று சொல்லி ஒருவர் ஒரு கருவியை நாள் வாடகைக்குத் தருகிறார். ஏரிக்கரையில் தேட அனுமதியும் தாமே வாங்கித் தருவாராம். நம்பலாமா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: கம்பிச் சுருள் ஒன்று மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, அங்குள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டம் எழுந்து, அது திருப்பி அனுப்பும் புலத்தைக் கருவி உணர்கிறது. பொழுதுபோக்குக் கருவிகளுக்குக் காசளவுப் பொருள் என்றால் ஓர் அடி ஆழம் என்பதே நல்ல பலன். அண்டா அளவுப் பொருளுக்குச் சில அடிகள் கூடும். ஐம்பது அடியில் தங்கத்தை மட்டும் தனியே பிரித்துச் சொல்லும் கருவியை அவர் வைத்திருந்தால் அதை வாடகைக்கு விட்டுப் பிழைக்க மாட்டார். அனுமதியைப் பற்றி முதல் பதிலில் சொன்னதே இதற்கும். முன்பணம் கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: சென்னைக் கடற்கரையில் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்தபோது என் திருமண மோதிரம் மணலில் விழுந்துவிட்டது. நண்பரிடம் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. அங்கே தேடினால் தவறாகுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் மோதிரம் தொலைந்த பொருள்; புதையலும் அன்று, தொல்பொருளும் அன்று. அதைத் தேடுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. இருந்தாலும் முதலில் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் மோதிரத்தின் எடை, உள்ளே பொறித்த பெயர் ஆகியவற்றோடு தொலைந்ததாக மனுக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தேடும்போது கேட்பவர்களிடம் காட்ட அது போதும். கூட்டம் இல்லாத விடியற்காலையில் போய், குழந்தை விளையாடிய இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு முழ அகலத்துக்கு ஒரு வரிசையாக நடந்து, குறுக்குவாட்டில் இன்னொரு முறை நடக்கச் சொல்லுங்கள். உலர்ந்த மணலில் விழுந்த மோதிரம் பெரும்பாலும் விரல் நீளத்துக்குள்தான் இருக்கும். கையாலேயே எடுத்துவிடலாம், மண்வெட்டி தேவையில்லை. சோடா மூடிகளும் பாதணி ஆணிகளும் நூறு முறை ஒலித்துப் பொறுமையைச் சோதிக்கும். தேடும்போது வேறொருவரின் சங்கிலியோ கம்மலோ கிடைத்தால், அதை வைத்துக்கொள்வது, பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்ளும் குற்றமாகி, இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவுக்குள் போய்விடும். உங்கள் மனுவை வாங்கிய அதே காவல் நிலையத்தில் அதைக் கொடுத்துவிட்டு, அதற்கும் ஒரு ரசீது கேளுங்கள்.